கேம் இறக்கிறது, கொப்பி எடுக்கிறது, மாற்றிச் செய்கிறது: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட கணினியும் பிளேஸ்டேஷனும் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கம்பஸ் பெடியள், ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள், அவர்களைத் தேடி வருகிற தாய்மார் என்று எல்லாரும் சாமானைத் தந்துவிட்டு நிற்கிற நேரத்தில் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான். வாயால் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் கண்ட அளவில், பெடியள் பயப்படத் தேவையில்லாத விசயத்துக்குப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதை யோசிக்காமல் செய்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

நான் சட்டத்தரணி இல்லை. இலங்கையில் இந்த விசயத்துக்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் பதிப்புரிமைப் பகுதியை முழுதாக வாசித்திருக்கிறேன், விளங்காத இடங்களைத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். கீழே வருகிற வெளிநாட்டு வழக்குகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எந்தப் பக்கம் நியாயம் சாய்கிறது என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். உங்கள் பெயருக்குக் கடிதமோ வழக்கோ வந்திருந்தால் இதை வாசித்துக்கொண்டு இருக்காமல் சட்டத்தரணியிடம் போங்கள்.

அண்ணை, நெற்றில சும்மா கிடக்கிற கேமை இறக்கினால் பிழையோ?

அநேகமாக ஓம். சும்மா கிடக்கிறது என்றால் யாரோ ஒருவர் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். போட்டவர் அதன் சொந்தக்காரரா, சொந்தக்காரரின் அனுமதி பெற்றவரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் சட்டம் கணினி நிரலைப் புத்தகத்தோடும் கட்டுரையோடும் ஒரே வரிசையில் வைத்துப் பாதுகாக்கிறது. கேமுக்குள் இருக்கிற படம், இசை, கதை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகவும் பாதுகாப்பு உண்டு. அதைப் பிரதி எடுக்கிற உரிமை சொந்தக்காரருக்கு, 9ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் இறக்கும்போது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புதிய பிரதி உருவாகிறது. காசு கைமாறினதா இல்லையா என்பது இந்த இடத்தில் கணக்கில் வராது.

அப்ப எதைத்தான் சும்மா எடுக்கலாம்?

நிறைய இருக்கிறது, தேடுகிறவர்கள்தான் குறைவு. சூப்பர்டக்ஸ்கார்ட், பேட்டில் ஃபோர் வெஸ்னொத், ஓபன்டிடிடி, 0 ஏ.டி. எல்லாம் திறந்த மூல உரிமத்தில் வந்த கேம்கள். இறக்கலாம், கூட்டாளிக்குக் கொடுக்கலாம், உரிமத்தில் சொன்னபடி மாற்றலாம். எபிக் என்ற இணையக் கடை 2018 டிசம்பரிலிருந்து அடிக்கடி ஏதாவது ஒரு கேமை இலவசமாகத் தருகிறது, கணக்கு ஒன்று திறந்தால் போதும். கமாண்ட் அன்ட் கொங்கர் முதல் கேமை அதன் கம்பனியே 2007இலும், ரெட் அலர்ட்டை 2008இலும் இலவசமாக விட்டது. டூம் 1993இல் வந்தபோது முதல் பாகத்தை யாரும் யாருக்கும் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம் என்று சொல்லியே வெளியிட்டார்கள், அதுதான் அது உலகம் முழுக்கப் பரவின வழி.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். டூமின் மூல நிரலை 1997இல் திறந்து விட்டார்கள், கமாண்ட் அன்ட் கொங்கர் வரிசையில் வந்த ஜெனரல்ஸின் மூல நிரலை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். "அப்ப ஜெனரல்ஸ் இப்ப ஃப்ரீதானே" என்று அந்தக் கிழமையே நாலு பேர் வந்தார்கள். திறந்தது நிரலை. தாங்கியின் படம், வரைபடம், இசை, குரல் எதையும் திறக்கவில்லை. அவை இல்லாமல் நிரலை மட்டும் வைத்து விளையாட முடியாது, அவற்றுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இறக்கிப் போட்டு 24 மணித்தியாலத்துக்குள்ள அழிச்சால் பிரச்சினை இல்லையாமே?

எங்கள் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அமெரிக்கச் சட்டத்திலும் கிடையாது. கேம் போடுகிறவர்கள் தங்களைக் காப்பாற்ற எழுதி வைத்த வசனம் அது, கொப்பி பண்ணிக் கொப்பி பண்ணிச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

என்னட்ட ஒரிஜினல் டிஸ்க் இருக்கு. கீறல் விழ முதல் ஒரு கொப்பி எடுத்து வைக்கலாமோ?

எடுக்கலாம். இதைக் கேட்கும்போது ஏன் குரலைத் தாழ்த்துகிறீர்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. 12ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. நிரலின் பிரதி ஒன்றைச் சட்டப்படி வைத்திருக்கிறவர், தொலைந்தால், அழிந்தால், பாவிக்க முடியாமல் போனால் பதிலுக்கு இருக்கட்டும் என்று ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். ஒன்று. ஐந்து எடுத்து மச்சானுக்கு ஒன்று, கூடப் படிக்கிறவனுக்கு ஒன்று என்று கொடுக்க அந்தப் பிரிவு இடம் தராது.

சிலர் "சொந்தப் பாவனைக்கு எதையும் ஒரு கொப்பி எடுக்கலாம்தானே" என்று 12ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைச் சொல்வார்கள். அது மற்றப் படைப்புகளுக்கு. கணினி நிரலை அதிலிருந்து வெளியே எடுத்து, 7ஆம் உட்பிரிவின் கீழ் மட்டும்தான் என்று அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரிஜினலை விற்றுவிட்டால் அல்லது வேறு எப்படியோ அதை வைத்திருக்கிற உரிமை போய்விட்டால், எடுத்து வைத்த கொப்பியையும் அழிக்க வேண்டும். டிஸ்க்கை விற்றுக் காசெடுத்துவிட்டுக் கொப்பியில் விளையாட முடியாது.

டிஸ்க் உடைஞ்சு போச்சு அண்ணை. அதே கேமை நெற்றில இறக்கினால், நான் காசு குடுத்து வாங்கினதுதானே?

போன மாதம் ஒரு தம்பி கிரிக்கெட் 07 டிஸ்க்கைக் கொண்டுவந்தார். லண்டனில் இருக்கிற பெரியப்பா அனுப்பினதாம், பெட்டி, உள்ளே இருக்கிற சின்னப் புத்தகம் எல்லாம் அப்படியே இருக்கிறது. டிஸ்க்கில் நடு ஓட்டையிலிருந்து ஓரம் வரைக்கும் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் நிறம் வேறு வேறாகத் தெரிந்தது. அதை டிரைவில் போடாதே என்றேன், சுற்றுகிற வேகத்தில் உள்ளேயே சிதறும். அவர் கண் கலங்கினதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சட்டத்தின் எழுத்து இதுதான்: உங்கள் பிரதியிலிருந்து நீங்கள் எடுத்து வைப்பதற்கு முந்தின பதிலில் சொன்ன உரிமை இருக்கிறது. யாரோ ஒருவர் தன்னுடைய டிஸ்க்கிலிருந்து எடுத்து, கொப்பியைத் தடுக்கக் கம்பனி போட்ட பூட்டை உடைத்து, உலகத்துக்கே போட்டு வைத்ததை எடுக்கிற உரிமை அதற்குள் வெளிப்படையாக இல்லை. "பதிலுக்கு ஒரு பிரதி" என்பதை எங்கிருந்து எடுத்தாலும் பதில்தானே என்று ஒரு சட்டத்தரணி வாதாடலாம், எனக்கும் அது நியாயமான வாதமாகத்தான் படுகிறது. ஆனால் வாதம் இருப்பதும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல.

டொரண்ட்டில் இறக்கினால் அந்த வாதமும் போய்விடும். டொரண்ட் நீங்கள் இறக்கிக்கொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகளை மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்த கதை அதோடு முடிகிறது, நீங்கள் விநியோகிக்கிறீர்கள். வெளிநாடுகளில் வீட்டுக்குக் கடிதம் வருவதெல்லாம் பெரும்பாலும் இப்படி அனுப்பின துண்டுகளுக்காகத்தான்.

பழைய கேம், கம்பனியே இப்ப விக்கிறேல்ல. அது ஊர்ச்சொத்துத்தானே?

இல்லை. விற்பதை நிறுத்தினதால் உரிமை போகாது. எங்கள் சட்டத்தில் எழுதினவர் இறந்து 70 வருடம் வரை பாதுகாப்பு; பலர் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் பெயரில் செய்யும் கூட்டுப் படைப்புகளுக்கும் ஒலி ஒளிப் படைப்புகளுக்கும் வெளிவந்ததிலிருந்து 70 வருடம். 1980இல் வந்த பக்மானுக்கே 2050 வரை போகும். 2002இல் வந்த வைஸ் சிட்டிக்கு 2072.

இந்தச் சட்டம் கேம்களுக்குப் பொருந்தாத சட்டம் என்று நான் நினைக்கிறேன். புத்தகம் 70 வருடம் அலுமாரியில் இருக்கும். நெகிழ்தட்டும் சீடியும் இருக்காது. எங்கள் ஊரில் ஈரமும் புழுதியும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடத்தில் சீடியின் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும், கடையில் அப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டது: 2010க்கு முதல் அங்கே வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்கவே கிடைக்காது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தூரத்திலிருந்து திறந்து காட்டுவதற்கு விலக்குக் கேட்டார்கள், 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பக்கம் அது மறுக்கப்பட்டது. நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு தலைமுறையின் படைப்பு பார்க்கக் கிடைக்காமல் போவதை லேசாகச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் கேள்விக்கு உண்மையான பதில் முதல் சொல்லில் சொன்னதுதான்.

எமியூலேட்டர் வைச்சிருக்கிறதே களவோ?

களவில்லை. எமியூலேட்டர் என்பது ஒரு கருவி மற்றக் கருவி மாதிரி நடக்கச் செய்கிற நிரல், அதற்குள் யாருடைய கேமும் இல்லை. 2000ஆம் ஆண்டு சோனிக்கும் கொனெக்டிக்ஸ் என்ற கம்பனிக்கும் நடந்த வழக்கில், பிளேஸ்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் படித்து அதைப் போல ஒன்றை எழுதினது நியாயமான பாவனை என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து ஐபோனின் கடையிலேயே எமியூலேட்டர் கிடைக்கிறது.

"அப்ப யூசுவை ஏன் மூடினவை?" என்று அடுத்த கேள்வி வரும். யூசு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம்களை ஓட்டின எமியூலேட்டர். 2024 பெப்ரவரியில் வழக்குப் போட்டார்கள், மார்ச்சிலேயே 24 இலட்சம் டொலருக்கு இணங்கி மூடிவிட்டார்கள். ஸ்விட்ச் கேம் பூட்டோடு வருகிறது, அதைத் திறக்கிற சாவிகளைப் பாவிக்காமல் யூசு ஓடாது, அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டப்படி பூட்டைத் திறப்பதே தனிக் குற்றம். அதைத்தான் நின்டெண்டோ பிடித்தது. வழக்கு விசாரணைக்குப் போகாமல் முடிந்ததால் எமியூலேட்டர் பிழை என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. எமியூலேட்டருக்குள் போடுகிற ரொம், அதாவது கேமின் பிரதிக் கோப்பு, எங்கிருந்து வந்தது என்பதற்கு டிஸ்க் கேள்விகளில் சொன்னதுதான் இங்கேயும்.

கேமுக்குள்ள நானே மாத்தம் செய்து நானே விளையாடினால்?

கிரிக்கெட் 07ஐ எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எப்போதும் அதிலிருந்துதான் தொடங்கும். 2006 கடைசியில் வந்தது, அதற்குப் பிறகு அதைச் செய்த ஈஏ கம்பனி கிரிக்கெட் கேம் செய்யவே இல்லை. பல அணிகளுக்கு உரிமம் இல்லாததால் வீரர்களின் பெயர்கள் திரித்துப் போடப்பட்டிருந்தன. பெயரைத் திருத்தினது, சட்டையின் நிறத்தை மாற்றினது, புது மட்டையும் மைதானமும் சேர்த்தது எல்லாம் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இருந்த பெடியள். இன்றைக்கும் அந்தக் கேம் உயிரோடு இருப்பது அவர்களால்தான், அதைச் செய்தவர்களை நான் கள்ளர் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

சட்டப்படி, படைப்பை மாற்றியமைக்கிற உரிமையும் சொந்தக்காரருக்குத்தான். ஆனால் 12இன் 7, சட்டப்படி வைத்திருக்கிற நிரலை, எதற்காக வாங்கினோமோ அந்தப் பாவனைக்குத் தேவையான அளவில் மாற்றவும் விடுகிறது. உங்கள் ஒரிஜினலில், உங்கள் வீட்டில், உங்கள் கண்ணுக்கு மட்டும் வீரரின் பெயரைத் திருத்துவதற்கு ஒருவர் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெளிநாட்டிலும் பார்த்தால், உயிர் குறையாமல் விளையாட வைக்கிற கேம் ஜீனி என்ற கருவியைப் பற்றிய வழக்கில் நின்டெண்டோ 1992இல் தோற்றது. சோனி டேட்டெல் கம்பனிக்கு எதிராகப் போன வழக்கில், நிரலைத் தொடாமல் அது ஓடும்போது நினைவகத்தில் வைக்கிற எண்களை மட்டும் மாற்றுவது நிரலின் பதிப்புரிமையை மீறாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஒக்டோபரில் சொன்னது.

ஜப்பான் மட்டும் வேறு மாதிரிச் சொன்னது. டொக்கிமெக்கி மெமோரியல் என்ற காதல் கேமில் முதலிலேயே எல்லாப் புள்ளியும் நிரப்பின மெமரி கார்டை விற்றார்கள், கதையின் போக்கே குலைந்தது, அது படைத்தவரின் தார்மீக உரிமையைக் கெடுக்கிறது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவிலும் தார்மீக உரிமை இருக்கிறது, படைத்தவரின் பெயரையோ கௌரவத்தையோ கெடுக்கிற விதமாகத் திரித்தால் அவர் எதிர்க்கலாம். ஆனால் அங்கே மாட்டினவர் விளையாடினவர் இல்லை, கார்டை விற்றவர். இதைக் கவனித்து வையுங்கள், அடுத்த பதிலுக்குத் தேவை.

நான் செய்த மாத்தத்தைப் பேட்சாக்கி மற்றவைக்குக் குடுக்கலாமோ?

எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் வரைந்த சட்டை, நீங்கள் எழுதின பெயர்ப் பட்டியல், எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்கிற வித்தியாசக் கோப்பு, இவை உங்கள் வேலை. வாங்குகிறவரிடம் சொந்தக் கேம் இருந்தால்தான் அது வேலை செய்யும். உலகத்தில் ஒழுங்காக மொட், அதாவது கேமில் மாற்றம், செய்கிறவர்கள் இப்படித்தான் கொடுக்கிறார்கள். கேம் முழுவதையும் பேட்சோடு சேர்த்து ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்தால், நீங்கள் கேமைத்தான் விநியோகிக்கிறீர்கள், உங்கள் பேட்ச் அதற்குள் ஒரு ஓரத்தில் இருக்கிறது.

விற்றால் கதை இன்னும் இறுகும். டியூக் நியூக்கம் 3டி கேமுக்கு ரசிகர்கள் தாங்களே செய்து பகிர்ந்த கட்டங்களில் 300ஐ எடுத்து மைக்ரோ ஸ்டார் என்ற கம்பனி சீடி போட்டு விற்றது. அந்தக் கட்டங்களின் கோப்புகளுக்குள் கேமின் படம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் டியூக்கின் கதையைத் தொடர்ந்து எழுதுகிற உரிமை சொந்தக்காரருக்குத்தான் என்று 1998இல் தீர்ப்பு வந்தது. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்திலும் பெடியளின் பேட்சுகளைத் திரட்டி டிவிடி போட்டு விற்ற கடைகள் இருந்தன, அதே வேலைதான்.

முதலில் கேமின் உரிமப் பத்திரத்தை வாசியுங்கள். சில கம்பனிகள் கதவைத் தாங்களே திறந்து வைத்திருக்கின்றன. மைன்கிராஃப்ட்டில் நீங்களே எழுதின மொட்டைப் பகிரலாம், ஆனால் மாற்றின கேமை முழுதாகப் பகிரக்கூடாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப் லைஃபுக்கு ரெண்டு பெடியள் செய்த மொட்டாகத்தான் தொடங்கியது. அடுத்த வருடம் வால்வ் கம்பனி அதையும் வாங்கி, செய்தவர்களையும் வேலைக்கு எடுத்தது.

போனில மொட் பண்ணின ஏபிகே, அதுதான் அன்ட்ராய்டு செயலி ஃபைல், போட்டால், எல்லாக் காசும் அன்லொக் ஆகி வரும். அது மொட்தானே?

பெயர்தான் மொட். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கம்பனியின் செயலியைப் பிரித்து, காசு கேட்கிற இடத்தை வெட்டி, முழுதாகத் திரும்பக் கட்டினது அது. முந்தின பதிலில் சொன்ன முழு ஃபைல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அதோடு என்ன சேர்த்துக் கட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. வங்கிச் செயலி இருக்கிற போனில் தயவுசெய்து போடாதீர்கள்.

ஒரிஜினல் டிஸ்க், ஆனா விண்டோஸ் 10இல ஓடுதில்லை. நோ சீடி கிராக் போடலாமோ?

இதுதான் இருக்கிறதிலேயே சிக்கலான கேள்வி. பழைய டிஸ்குகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது, டிரைவில் ஒரிஜினல் இருக்கிறதா என்று அது பார்க்கும். அதற்கு விண்டோஸுக்குள் ஒரு சின்ன டிரைவர் நிரல் வேண்டும், அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10இல் அதை விட்டுவிட்டது. ஆகவே காசு கொடுத்து வாங்கினவருக்குக் கேம் ஓடாது, அந்தப் பூட்டை வெட்டி எடுத்த கிராக் நிரலை இறக்கினவருக்கு ஓடும்.

12இன் 7 "கணினியில் பாவிக்கத் தேவையான" மாற்றத்தை அனுமதிக்கிறது என்று மேலே சொன்னேன். வாங்கின நோக்கத்துக்கே கேமை ஓடவைக்க வேறு வழியில்லாதபோது அந்தப் பூட்டை உங்கள் கொப்பியில் கழற்றுவது இதற்குள் வரும் என்பதுதான் என் வாசிப்பு, கேட்ட சட்டத்தரணியும் அது நிற்கக்கூடிய வாதம் என்றார். பூட்டு உடைப்பதைப் பற்றிய எங்கள் 23ஆம் பிரிவு விற்கவும் வாடகைக்கு விடவும் கருவி செய்கிறவரையும் இறக்குமதி செய்கிறவரையும்தான் குறி வைக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இருக்கிற மாமா மகன் இதைச் செய்யலாமா என்று கேட்டால், அங்கே சட்டம் வேறு, எமியூலேட்டர் பதிலைப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அதே கேம் பூட்டில்லாமல் ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்பனைக்கு இருக்கிறதா என்பது. தள்ளுபடி நேரத்தில் ஒரு கொத்துரொட்டிக் காசுக்கு வரும்.

பிளேஸ்டேஷன் 2க்கு சிப் அடிச்சுத் தருவீங்களோ?

முன்பு செய்தேன், இப்போது செய்வதில்லை. திறந்தால் தெரியும்: விரல் நகமளவு ஒரு சிப், பலகையின் கால்களுக்குத் தலைமயிர் தடிப்பில் இருபதுக்கு மேல் கம்பிகள், ஒன்று விலகினாலும் பெட்டி கறுப்புத் திரையோடு நிற்கும். அந்த வேலையில் கைத்திறன் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எரித்த டிஸ்க் ஓட வைப்பதைத் தவிர வேறெதற்கும் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அவுஸ்திரேலியாவில் இது மாதிரிச் சிப்புக்காகச் சோனி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஸ்க்கைக் கொப்பி பண்ணுவதை அந்தப் பூட்டுத் தடுக்கவில்லை, கொப்பி ஓடுவதைத்தான் தடுக்கிறது, ஆகவே சிப் சட்டத்துக்குள் வராது என்று 2005இல் சிப் அடித்தவர் வென்றார். அடுத்த வருடமே பாராளுமன்றம் சட்டத்தை மாற்றிவிட்டது. எங்கள் 23ஆம் பிரிவும் "பிரதி எடுப்பதைத் தடுக்கிற" கருவி என்றுதான் பேசுகிறது, ஆகவே அதே வாதத்தை இங்கேயும் வைக்கலாம். சிப்பை இறக்குமதி செய்து விற்கிறவர் அந்த ஒரு சொல்லை நம்பித் தொழில் நடத்துகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

மணிக்கணக்குக்குக் காசு வாங்கி விளையாட விடுறன். நான் கேமை விக்கேல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் பயப்படச் சொல்கிறேன். 178ஆம் பிரிவைத் தேடி வாசியுங்கள். உரிமை மீறின நிரல் என்று தெரிந்துகொண்டு, அல்லது அப்படி நினைக்கக் காரணம் இருந்தும், அதை வருமானத்துக்குப் பாவித்தால் அதுவே குற்றம், விற்றிருக்கத் தேவையில்லை. நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் முறை என்றால் இரட்டிப்பாகும். கொப்பி டிஸ்க்கை விற்க வைத்திருப்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரிஜினலாகவே வாங்கி வைத்திருந்தாலும் நிரலை வாடகைக்கு விடுகிற உரிமை சொந்தக்காரருக்குத் தனியாக உண்டு, ஆகவே கடைக்கு என்று அனுமதி தருகிற கேம்களைத் தேடி எடுங்கள்.

தம்பி, என்ர மகன் அறைக்குள்ள இருந்து இதுகளைத்தான் இறக்கிறான். பொலிஸ் வந்து பிடிக்குமோ?

அம்மா, பயப்படாதீங்கோ. வேண்டுமென்று உரிமையை மீறுவது யார் செய்தாலும் எழுத்தில் குற்றம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் அறிந்த வழக்குகள் எல்லாம் விற்றவர், விநியோகித்தவர், தளம் நடத்தினவர் மேல்தான். ரொம் தளம் நடத்தின தம்பதிக்கு 2018இல் ஒரு கோடி டொலருக்கு மேல் தீர்ப்பு வந்தது. ஸ்விட்ச் பூட்டை உடைக்கிற கருவி விற்ற குழுவில் ஒருவருக்கு 2022இல் 40 மாதச் சிறை கிடைத்தது.

உங்கள் வீட்டுக்கு உடனே வரக்கூடிய ஆபத்து வேறு. கிராக் ஃபைலோடு வந்த வைரஸால் ஏ/எல் ப்ராஜெக்ட், குடும்பப் படம் எல்லாம் பூட்டுப்பட்டு இங்கே கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சிலதை மீட்க முடியவில்லை. மகனோடு சண்டை பிடிக்காமல், மேலே இரண்டாவது கேள்வியில் சொன்ன இலவசக் கேம்களைக் காட்டிக் கொடுங்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன பிறகு, புதுக் கேம் ஒன்றின் விலை பிள்ளைகளின் கைக்கு எட்டாது என்பதும் உண்மை, அதற்கு அவனைக் கள்ளன் என்று ஏசி என்ன பயன்.

காசு குடுத்து ஸ்டீமில வாங்கினதையும் பறிக்கலாமாமே? அப்ப வாங்கிறதுக்கும் இறக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்டீமில் நீங்கள் வாங்குவது விளையாடும் உரிமம், கேமின் பிரதி உங்களுக்குச் சொந்தமாவதில்லை. த க்ரூ என்ற கேமை யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது, சேர்வர் இல்லாமல் ஓடாத கேம், காசு கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் கேம்களைக் கொல்லாதே என்று 10 இலட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. கலிபோர்னியாவில், உரிமம்தான் தருகிறோம் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது என்று 2025இலிருந்து சட்டம்.

கோபம் நியாயம். ஆனால் உரிமம் பறிபோகலாம் என்பதால் இறக்கின பிரதி சட்டப்படி ஆகிவிடாது. கோபப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, பூட்டில்லாமல் நிறுவல் ஃபைலையே கையில் தருகிற கடைகளில் வாங்கி, அந்த ஃபைலை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள் என்பதுதான்.

நான் ஒரு கேமுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புப் பேட்ச் செய்தனான். ஒரு கடை என்ர பெயரை வெட்டிப் போட்டு விக்குது. நானே அனுமதி இல்லாமச் செய்தது, நான் கேட்கலாமோ?

இதைக் கேட்ட தங்கச்சி ஒன்பது மாதம் இரவில் இருந்து வசனம் வசனமாக எழுதினவர், "தொடர்க" என்பதா "தொடருங்கள்" என்பதா என்று என்னோடும் வாதாடினவர். கேட்கலாம். எங்கள் சட்டத்தில் படைப்பு உருவாகின கணத்திலேயே பாதுகாப்பு வந்துவிடும், எங்கேயும் பதியத் தேவையில்லை. மொழிபெயர்ப்பும் பாதுகாக்கப்படும் படைப்புத்தான். அதேநேரம் மூலக் கேமின் சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கிற உரிமை அப்படியே இருக்கிறது, அவர் உங்களை நிறுத்தச் சொன்னால் நீங்கள் நிறுத்த வேண்டி வரும். அனுமதி இல்லாமல் செய்தது நீதிமன்றத்தில் உங்கள் கையைப் பலவீனமாக்கும், ஆகவே முதல் அடியாக வழக்கை நினைக்க வேண்டாம். கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி மொழிபெயர்ப்பை அவர்களிடமே காட்டுங்கள். சிறு குழுக்கள் செய்யும் கேம்களில் ரசிகர் மொழிபெயர்ப்பைக் கேமோடு சேர்த்தே வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையைப் பற்றி: முதல் வரைவிலிருந்து எல்லா ஃபைலையும் திகதியோடு அப்படியே வைத்திருங்கள், ஒன்றையும் அழிக்க வேண்டாம். இனிக் கொடுக்கிற பேட்சில் உங்கள் பெயரும் "விற்கக் கூடாது" என்ற ஒரு வரியும் கேம் தொடங்கும் திரையிலேயே வரட்டும். பிறகு அந்த டிஸ்க்கில் ஒன்றை வாங்கி, பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு நேரே போய்க் கதையுங்கள். நாங்கள் போன சனிக்கிழமை போனோம். கடைக்காரர் ஐந்து நிமிடம் வரைவுகளைப் புரட்டிப் பார்த்தார், பிறகு தட்டிலிருந்த பன்னிரண்டு டிஸ்க்கையும் எடுத்துத் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டார்.